அக்கரைக்கு ஆன செலவு

பாலங்களும் பெயர்களும் – 9

சென்னையில் சரக்கேற்றிப் புறப்படும் லாரி 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால், வங்காளம் போய்ச் சேரும்வரை வேறு சாலை தேட வேண்டியதில்லை. நெல்லூர், விஜயவாடா, ராஜமுந்திரி, விசாகப்பட்டினம், கட்டாக், காரக்பூர் என்று ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர். கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி, சுவர்ணரேகா, ரூப்நாராயண் என்று ஆறு ஆறாகத் தாண்டி ஹவுராவின் விளிம்பை எட்டும்போது, கொல்கத்தாவுக்குள் நுழைய இன்னும் ஒரே ஓர் ஆறு பாக்கி இருக்கும்: ஹூக்ளி. கோனா விரைவுச்சாலையில் திரும்பி, டோல்கேட்டில் பணத்தைக் கட்டிவிட்டு மேலேறினால், இரண்டு உயர்ந்த கோபுரங்களிலிருந்து இறங்கும் இரும்பு வடங்கள் இருபுறமும் கூடவே வரும். இறங்கினால் கொல்கத்தா. கடந்து வந்த பாலத்தின் பெயர் வித்யாசாகர் சேது.

சென்ற வாரம் ஹவுரா பாலத்தைப் பார்த்தோம். 1965-இல் அதற்கு ரவீந்திரநாத் தாகூரின் பெயரைச் சூட்டியும், ஊர் வாயில் அது ஹவுரா பாலமாகவே நின்றுவிட்ட கதையையும் சொன்னேன். அதற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இந்தப் பாலத்துக்கும் பாதி அதே கதிதான். பழைய ஆட்களைக் கேட்டால் ‘இரண்டாவது ஹூக்ளி பாலம்’ என்றுதான் வழி சொல்வார்கள். ஆனாலும் இந்தத் தொடரில் இதுவரை பார்த்தவற்றுள், பாலமும் பெயரும் இவ்வளவு பொருந்திப்போனது வேறெங்கும் இல்லை என்பேன். ஒரு வழியைத் திறந்துவிடுவது ஒரு வேலை. அந்த வழியில் ஆட்களை நடக்கவைப்பது வேறொரு வேலை. செலவு அதிகம் பிடிப்பது இரண்டாவதுதான். பாலம் கட்டியவர்கள் இதை ஓரளவு உணர்ந்தார்கள். பெயருக்குரியவரான வங்காளச் சீர்திருத்தக்காரர் ஈசுவரசந்திர வித்யாசாகர் வாழ்நாள் முழுக்க உணர்ந்தார்.

அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் நடுவே

பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளால் கல்கத்தா பெருத்தது. வடக்கே பாலி என்ற ஊரில் 1930-களின் தொடக்கத்தில் கட்டிய பாலம் ஒன்று உண்டு. அது நகரின் நடுப்பகுதிக்கு உதவாது. மற்றபடி மேற்கிலிருந்து வரும் அத்தனை வண்டியும் ஹவுரா பாலத்தின் மேல்தான் ஏறியாக வேண்டும். டிராம், பேருந்து, கைவண்டி, தலைச்சுமைக்காரர், மாடு எல்லாவற்றுக்கும் ஒரே வழி. இன்னொரு பாலம் கட்டாவிட்டால் நகரம் மூச்சு முட்டிப்போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 1969-இல் இதற்கென்றே சட்டம் போட்டு ஓர் ஆணையம் அமைத்தார்கள். 1972 மே 20 அன்று பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார்.

அடிக்கல் நாட்டியதோடு சரி. வேலை தொடங்கியது 1979 ஜூலையில். முடிந்து வண்டி ஓடியது 1992 அக்டோபர் 10 அன்று. அடிக்கல்லைப் பார்க்கப் போன கைக்குழந்தை, திறப்பு விழாவுக்கு வரும்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும். ஆன செலவு 388 கோடி ரூபாய்.

தாமதத்துக்குப் பணமும் அரசியலும் மட்டும் காரணமில்லை, ஆறும் லேசுப்பட்டதல்ல. ஹூக்ளி கப்பல் போகும் ஆறு, கொல்கத்தாத் துறைமுகத்துக்கு அதுதான் வாசல். கடலின் ஏற்றவற்றம் நகரைத் தாண்டியும் உள்ளே ஏறும். வண்டலை அள்ளிக்கொண்டு வந்து கொட்டிக்கொண்டே இருக்கும். நட்டாற்றில் ஒரு தூணை நட்டால் நீரோட்டம் திசை மாறும், வண்டல் வேறிடத்தில் மேடு கட்டும், கப்பல் வழி கெடும். ஆகவே கரைக்குக் கரை ஒரே தாவலாகத் தாவியாக வேண்டும். ஹவுரா பாலத்துக்கும் இதே நிபந்தனைதான் என்று பார்த்தோம். அதன் நடுத்தாவல் 1,500 அடி. வித்யாசாகர் பாலத்தின் நடுத்தாவல் 457.2 மீட்டர், அதாவது அதே 1,500 அடி. இருபக்கத்துத் தாவல்களும் தலைக்கு 600 அடி. மொத்தம் 2,700 அடி, ஏறக்குறைய 823 மீட்டர். நாடு மீட்டர் கணக்குக்கு மாறிப் பல ஆண்டு ஆன பிறகும், இந்தப் பாலத்தின் எலும்புக்கூட்டில் அடிக்கணக்கு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

தூரம் ஒன்றானாலும் தாவும் விதம் வேறு. ஹவுரா பாலம் இரண்டு கரையிலிருந்தும் நீட்டிய இரும்புக் கைகளின் பலத்தில் நிற்பது. இங்கே சுமார் 127 மீட்டர் உயரமுள்ள கோபுரங்களின் உச்சியிலிருந்து வடங்கள் சாய்வாக இறங்கி, பாலத்தின் தளத்தை அங்கங்கே நேராகப் பிடித்துத் தூக்கி நிற்கின்றன. ஒவ்வொரு வடமும் பல மெல்லிய எஃகுக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு. தளம், எஃகுச் சட்டத்தின் மேல் கான்கிரீட் பலகை போட்டது. எஃகும் கான்கிரீட்டும் ஒன்றாகச் சேர்ந்து சுமையைத் தாங்கும்.

வடிவமைத்தவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துப் பொறியாளர் யோர்க் ஷ்லாய்ஷ். 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் வலைக்கூரையில் பங்களித்தவர். அவர் நாட்டில் அப்போது எஃகுத் துண்டுகளை வெல்டிங் வைத்து இணைப்பதுதான் வழக்கம். ஆனால் இங்கே கிடைக்கும் எஃகையும் இங்குள்ள தொழிலாளிகளின் கைப்பழக்கத்தையும் பார்த்து, இணைப்புகளுக்கு ரிவிட்டையே வைத்துக்கொண்டார். ஹவுரா பாலம் கட்டிய காலத்திலிருந்தே வங்காளத்துப் பட்டறைகளுக்கு ரிவிட் அடிப்பது தண்ணீர் பட்ட பாடு. புதிய காலத்து வடிவத்தை உள்ளூர்க்காரர்கள் நம்பும் பழைய கருவியைக் கொண்டு கட்டிய இந்த உத்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்குரியவரின் கதையிலும் இதே உத்தி வரும்.

நாளொன்றுக்கு 85,000 வண்டிகளைத் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். திறந்த புதிதில் அதில் பாதிகூட வரவில்லை. மேற்குக் கரையில் இணைப்புச் சாலைகள் முழுமையாகவில்லை. டோல் கட்ட மனமில்லாதவர்கள் நெரிசலைப் பொறுத்துக்கொண்டு பழைய பாலத்திலேயே போனார்கள். வழி திறந்திருந்தது, நடக்கத்தான் ஆளில்லை.

சாலையோரத்து அம்மிக்கல்

இந்தப் பாலமும் இல்லை, ஹவுரா பாலமும் இல்லை, அதற்கு முன் 1874-இல் போட்ட மிதவைப் பாலமும் இல்லாத காலத்துக்குப் போவோம். 1828-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். வங்காளத்தின் மேற்கே பீர்சிங்கா என்ற கிராமத்திலிருந்து நாலு பேர் கல்கத்தாவுக்கு நடந்து வருகிறார்கள். தாகுர்தாஸ் பந்தோபாத்யாயர், கல்கத்தாவின் படாபஜாரில் சொற்பச் சம்பளத்துக்குக் கணக்கெழுதுபவர். அவருடைய எட்டு வயது மகன் ஈசுவரசந்திரன். பையனின் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் காளிகாந்தர். பையன் கால் ஓய்ந்தால் தோளில் தூக்கிக்கொள்ள ஆனந்தராம் என்ற வேலையாள்.

வழியில் உறவினர், தெரிந்தவர் வீடுகளில் தங்கி, சியாகாலா என்ற ஊருக்கருகே சால்கியாவுக்குப் போகும் பெருஞ்சாலையில் ஏறினார்கள். சாலையோரத்தில் ஒரு கல் நட்டிருந்தது. பையனுக்கு ஆச்சரியம்: மசாலா அரைக்கும் அம்மிக்கல்லை யார் இங்கே கொண்டுவந்து புதைத்தது? அப்பா சிரித்தார். அது அம்மி இல்லையடா, மைல்கல். கல்கத்தா இன்னும் எத்தனை மைல் என்று அதில் இங்கிலீஷ் எண் வெட்டியிருக்கும் என்றார். கல்லில் இருந்த எண் 19. பையன் கல்லைத் தடவிப் பார்த்தான். இது ஒன்று, இது ஒன்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். அடுத்த கல் 18, அதற்கடுத்தது 17. பத்தாவது கல் வருவதற்குள் இங்கிலீஷ் எண்கள் எல்லாம் தனக்குத் தெரிந்துவிட்டதாகச் சொன்னான்.

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. வரிசையாகக் குறைந்துகொண்டே வருகிறதே, பையன் எண்ணைப் பார்த்துச் சொல்கிறானா, மனக்கணக்கில் சொல்கிறானா? ஒன்பது, எட்டு, ஏழு என்று காட்டியவர், ஆறாவது கல்லைப் பையன் கண்ணில் படாமல் கடத்திக் கூட்டிப்போனார். ஐந்தாவது கல்லருகே நிறுத்தி, இது என்ன எண் என்று கேட்டார். பையன் சொன்னான்: இங்கே ஆறு இருக்க வேண்டும், தவறுதலாக ஐந்து வெட்டிவிட்டார்கள். அப்பாவும் ஆசிரியரும் பூரித்துப்போனார்கள். கற்றது எண்ணை மட்டுமில்லை, வரிசையில் ஓட்டை விழுந்தால் கண்டுபிடிக்கவும்தான்.

வித்யாசாகரைப் பற்றி வங்காளத்தில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. தாயைப் பார்க்க வெள்ளம் புரண்ட தாமோதர் நதியை இரவில் நீந்திக் கடந்தார் என்பார்கள். தெருவோர எரிவாயு விளக்கின் கீழ் உட்கார்ந்து படித்தார் என்பார்கள். முதல் கதைக்கு உறுதியான சான்று கிடையாது. இரண்டாவது கதை காலக்கணக்கில் இடிக்கும்: கல்கத்தாத் தெருக்களுக்கு எரிவாயு விளக்கு வந்ததே 1857-இல்தான், அப்போது அவர் சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வர். ஆனால் மைல்கல் கதை அப்படிப்பட்டதல்ல. வித்யாசாகரே தம் கைப்பட எழுதி, முடிக்காமல் விட்டுப்போன சுயசரிதையில் இருப்பது.

அன்றைய சாலை சால்கியாவில் ஆற்றங்கரையோடு முடிந்தது. அங்கிருந்து படகுதான். அக்கரையில் அப்பா தங்கியிருந்த வீட்டுக்கு வந்ததும், அவர் கையிலிருந்த இங்கிலீஷ் பில்களைத் தன்னாலும் கூட்ட முடியும் என்று பையன் கேட்டு வாங்கி, சரியாகக் கூட்டிக் கொடுத்தானாம். இன்று பீர்சிங்கா பக்கத்திலிருந்து கார் எடுத்துக் கொல்கத்தாவுக்கு வருபவர் வழக்கமாக 16-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து, இந்த வித்யாசாகர் பாலத்தின் வழியாகத்தான் நகருக்குள் நுழைகிறார்.

பிரின்செப் படித்துறையும் பாலபாடமும்

பாலத்தின் கொல்கத்தாப் பக்கத்துக் காலடியில் வரிசையாகத் தூண்கள் நிறுத்திய ஒரு வெள்ளை மண்டபம் இருக்கிறது. பெயர் பிரின்செப் படித்துறை, 1843-இல் கட்டியது. மாலை வேளைகளில் படகுச் சவாரிக்கும் காற்று வாங்கவும் கூட்டம் சேரும் இடம். பின்னணியில் பாலம் தெரியப் படம் எடுக்காதவர்கள் குறைவு. அந்த ஜேம்ஸ் பிரின்செப் நமக்கும் வேண்டியவர். கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, 1837-இல் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியவர். அசோகரின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர் பெயர்கள் இருப்பது உலகுக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். பழைய எழுத்தை மீட்டவரின் மண்டபத்தின் மேலே, வங்காளப் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பித்தவரின் பாலம் போகிறது.

பிரின்செப் பிராமியோடு மல்லுக்கட்டிய அதே ஆண்டுகளில் ஈசுவரசந்திரர் சமஸ்கிருதக் கல்லூரி மாணவர். 1829 முதல் 1841 வரை பன்னிரண்டு ஆண்டு அங்கே படித்து ‘வித்யாசாகர்’ பட்டத்தோடு வெளியே வந்தார். படிப்பு முடிந்ததும் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் தலைமைப் பண்டிதர். 1851-இல் தாம் படித்த கல்லூரிக்கே முதல்வர். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கைவைத்தது கல்லூரியின் கதவில். பிராமணர், வைத்தியர் ஆகிய இரு சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்திருந்த அந்தக் கதவைக் காயஸ்தர்களுக்கும், பிறகு மற்றச் சாதிகளில் மதிப்புள்ள குடும்பத்தாருக்கும் திறந்தார். எல்லாருக்கும் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1855-இல் அவர் எழுதிய ‘வர்ண பரிசய்’ வங்காளத்தின் அரிச்சுவடி ஆயிற்று. வங்க மொழியில் புழங்காத சமஸ்கிருத எழுத்துகளைக் கழித்து, நெடுங்கணக்கை ஒழுங்கு செய்த நூல். எண் வரிசையில் ஓட்டை கண்ட பையன், எழுத்து வரிசையையே செப்பனிட்டுவிட்டார். இந்தப் பாடநூல்களின் விற்பனைதான் பின்னாளில் அவருக்குச் சோறு போட்டது. அந்தச் சோறு எங்கே போயிற்று என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

987-க்கு எதிரே 36,000

1855 ஜனவரியில் வித்யாசாகர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். கைம்பெண்ணுக்கு மறுமணம் செய்யலாமா என்பது அதன் கேள்வி. செய்யலாம் என்பது விடை. ஆதாரம் பராசர ஸ்மிருதி. கணவன் காணாமற்போனாலோ, இறந்தாலோ, துறவியானாலோ, ஆண்மையற்றவனானாலோ, சாதியிலிருந்து வீழ்ந்தாலோ பெண் வேறு கணவனைக் கொள்ளலாம் என்று அதில் ஓர் இடம். கலியுகத்துக்கு உரிய நூல் பராசரம்தான் என்று சாஸ்திரமே சொல்வதால், வேறு நூலைக் காட்டி இதை மறுக்க முடியாது என்பது அவர் வாதம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வித்யாசாகர் சாஸ்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர் அல்லர். வேதாந்தமும் சாங்கியமும் பிழையான தத்துவங்கள் என்று கல்வி அதிகாரிகளுக்கே எழுதி அனுப்பியவர். பிறகு ஏன் பராசரர்? எதிரே இருந்தவர்களுக்கு வேறு எதுவும் செல்லாது என்பதால்தான். சிறுமிகள் பட்ட துன்பத்தைச் சொன்னால் ஐயோ பாவம் என்பார்கள்; மகளுக்கு மறுமணம் செய்ய மாட்டார்கள். சாஸ்திரம் இடம் கொடுக்கிறது என்றால்தான் காது கொடுப்பார்கள். ஷ்லாய்ஷ் வெல்டிங்கை விட்டு ரிவிட்டை எடுத்ததுபோல, உள்ளூர்க்காரர்களுக்குப் பழகிய கருவியையே கையில் எடுத்தார்.

மறுப்பு நூல்கள் குவிந்தன. அந்த அக்டோபரில் ஒவ்வொரு மறுப்புக்கும் பதில் சொல்லி இரண்டாவது நூல் எழுதினார். அதே மாதம் 987 பேர் கையெழுத்தோடு அரசுக்கு மனு போயிற்று. எதிர்ப்பக்கம் ராதாகாந்த தேவ் தலைமையில் திரண்டது. அவர்கள் அனுப்பிய மனுவில் 36,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள். தலையெண்ணினால் வித்யாசாகருக்குக் கட்டுத்தொகைகூடத் திரும்பியிருக்காது. ஆனால் சட்டம் செய்யும் இடத்தில் இருந்தது கம்பெனி அரசு. சட்டமன்ற உறுப்பினர் ஜே. பி. கிராண்ட் 1855 நவம்பரில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1856 ஜூலை 26 அன்று அது 15-ஆம் எண் சட்டமாயிற்று.

சட்டம் வந்து நாலு மாதத்துக்கு ஒரு கல்யாணம்கூட நடக்கவில்லை. டிசம்பர் 7 அன்று சுகியா தெருவில் வித்யாசாகரின் நண்பர் வீட்டில் முதல் திருமணம். மாப்பிள்ளை சமஸ்கிருதக் கல்லூரியோடு தொடர்புள்ள பண்டிதர் ஸ்ரீசந்திர வித்யாரத்னர். மணப்பெண் காளிமதி என்ற சிறுமி. தெருவில் வேடிக்கை பார்க்கவும் வம்பு செய்யவும் கூட்டம் கூடியதால் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. சாந்திப்பூர் நெசவாளிகள் வித்யாசாகரை வாழ்த்தும் பாட்டைச் சேலைக்கரையில் நெய்து விற்றார்கள். அவரைக் கிண்டல் செய்யும் பாட்டும் அதே வேகத்தில் தெருவில் ஓடியது. உயிருக்கு மிரட்டல் வந்ததால், ஊரிலிருந்து அப்பா ஒரு கம்புக்காரரைத் துணைக்கு அனுப்பிவைத்ததாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

பில் யார் பேரில்?

முதல் கல்யாணத்துக்குப் பிறகு சமூகம் தானாக நகரும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். மறுமணம் செய்துகொள்ள முன்வந்தவர்களைச் சாதி விலக்கியது. நாவிதர் வரமாட்டார், புரோகிதர் வரமாட்டார், கடனுக்குச் சாமான் கிடைக்காது. ஆகவே பந்தல் முதல் நகை வரை, சிலருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு குடித்தனம் நடத்தும் செலவு உட்பட, வித்யாசாகர் தலையில் விழுந்தது. சேர்ந்து உதவுவதாக வாக்களித்த பெரிய மனிதர்கள் மெல்லக் கழன்றுகொண்டார்கள். அடுத்த பத்தாண்டில் ஏறக்குறைய 60 திருமணங்கள். அவர் செலவு 82,000 ரூபாய் என்று கணக்குச் சொல்வார்கள். 50 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர் என்பதை நினைத்துக்கொண்டு இந்தத் தொகையைப் பார்க்க வேண்டும்.

அதே காலத்தில் பெண்கள் பள்ளிகள் வேறு. 1857 நவம்பருக்கும் 1858 மே மாதத்துக்கும் நடுவே நாலு மாவட்டங்களில் 35 பள்ளிகள் திறந்தார். அரசு பணம் தரும் என்ற நம்பிக்கையில் ஆசிரியர்களை வேலைக்கு வைத்தார். அரசு கையை விரித்தது. கையிலிருந்து கொடுத்தார், அந்த ஆண்டே முதல்வர் பதவியையும் விட்டார். போதாக்குறைக்குக் கவி மைக்கேல் மதுசூதன் தத்தர். நம் சென்னையில் எட்டாண்டு ஆசிரியராகவும் பத்திரிகைக்காரராகவும் இருந்த அதே தத்தர்தான். பிரான்ஸில் வெர்சாயில் குடும்பத்தோடு கடனில் மாட்டிக்கொண்டு அவர் எழுதிய கடிதத்துக்கு, வித்யாசாகர் தாமே கடன் வாங்கிப் பணம் அனுப்பினார்.

பணத்தைவிட அதிகம் வலித்தது வேறொன்று. சில மாப்பிள்ளைகள் உதவித்தொகைக்காகவே தாலி கட்டிவிட்டு, பிறகு பெண்ணைத் தள்ளிவைத்தார்கள். வேறு பெண்ணை மணக்க மாட்டேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்கும் நிலை வித்யாசாகருக்கு வந்தது. நாட்டு மக்கள் இப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்திருந்தால் இதில் இறங்கியே இருக்க மாட்டேன் என்று நண்பருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குக் கசந்துபோனார். ஆனாலும் இறங்கியவர் ஏறவில்லை. 1870-இல் தம் ஒரே மகன் நாராயணனே ஒரு கைம்பெண்ணை மணந்தபோது, உறவுகளின் எதிர்ப்பை மீறி வாழ்த்தினார். ஊருக்குச் சொல்லும் உபதேசத்தைத் தன் வீட்டு வாசலோடு நிறுத்திக்கொள்ளும் சீர்திருத்தக்காரர்கள் மலிந்த காலம் அது.

தெற்கே வந்த வழி

16-ஆம் எண் நெடுஞ்சாலையில் கொஞ்சம் தெற்கே திரும்பி வருவோம். கோதாவரிக் கரையில் ராஜமுந்திரி. அங்கே 1881 டிசம்பர் 11 அன்று சீர்திருத்தக்காரர் கந்துகூரி வீரேசலிங்கம் தெலுங்கு நாட்டின் முதல் கைம்பெண் மறுமணத்தை நடத்திவைத்தார். பம்பாய்ச் சீர்திருத்தக்காரர் ரானடே அவரைத் தென்னாட்டு வித்யாசாகர் என்று அழைத்தார். அந்த வீரேசலிங்கம் 1919-இல் கண்மூடியது சென்னையில். இன்னொருவர் ஜி. சுப்பிரமணிய ஐயர், ‘தி இந்து’வையும் ‘சுதேசமித்திர’னையும் தொடங்கியவர். இளவயதிலேயே கணவனை இழந்த தம் மகள் சிவப்பிரியாவுக்கு 1889-இல் பம்பாயில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது மறுமணம் செய்துவைத்தார். சொந்தச் சாதி அவரை ஒதுக்கிவைத்தது. வித்யாசாகர் அப்போது உயிரோடு இருந்தார். 1891 ஜூலை 29 அன்றுதான் காலமானார்.

தெற்கில் அந்த 1856-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மறுமணம் செய்துகொள்ளும் கைம்பெண், இறந்த கணவனின் சொத்தில் உரிமை இழப்பாள் என்றது அதன் இரண்டாம் பிரிவு. சட்டத்தை நிறைவேற்றக் கொடுத்த விலை அது. மேல்சாதிகளுக்கு அதுவரை மறுமணமே கிடையாது என்பதால், அவர்கள் கணக்கில் இது ஒரு வரவு–செலவு. ஆனால் மறுமணம் எப்போதும் வழக்கத்தில் இருந்த சமூகங்கள் நாட்டில் ஏராளம். அவர்களுக்கு இந்தச் சட்டம் தேவையே இல்லை. அப்படியிருந்தும் 1877-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த முருகாயி – வீரமாகாளி வழக்கில், மறவர் சமூகத்துக் கைம்பெண் சாதி வழக்கப்படி மறுமணம் செய்துகொண்டாலும் முதல் கணவனின் சொத்தை இழப்பாள் என்று முடிவாயிற்று. அலகாபாத் உயர் நீதிமன்றம் இதற்கு நேர்மாறாகப் பார்த்தது.

காலங்காலமாகத் தம் பாட்டுக்கு ஆற்றில் இறங்கிக் கடந்துகொண்டிருந்த பெண்களிடம், புதிதாகப் பாலம் போட்டிருக்கிறோம், நீங்களும் சுங்கம் கட்டுங்கள் என்று சொன்னதுபோல ஆயிற்று. வித்யாசாகர் இதை நினைத்தும் பார்த்திருக்க மாட்டார். அவர் கண்ணில் நின்றது கல்கத்தாவின் மேல்சாதி வீட்டுச் சிறுமிகள்தான். அவருடைய பார்வை எட்டிய தூரமும் எட்டாத தூரமும் இந்த ஒரு பிரிவில் தெரிந்துவிடுகிறது.

சிலையும் பாலமும்

1970-ஐ ஒட்டிய நக்சலைட் கொந்தளிப்பில் கல்கத்தாவின் கல்லூரிச் சதுக்கத்தில் இருந்த வித்யாசாகர் சிலையின் தலையைத் துண்டித்தார்கள். வெள்ளைக்காரனோடு ஒத்துப்போனவர், 1857 கிளர்ச்சியின்போது கல்லூரிக் கட்டடத்தைப் படையினருக்கு விட்டவர் என்பது குற்றச்சாட்டு. ஒன்றிரண்டு ஆண்டில் இந்தப் பாலத்துக்கு அடிக்கல் விழுந்தது. 2019 மே மாதம் தேர்தல் ஊர்வல மோதலில், அவர் வளர்த்த கல்லூரிக்குள்ளேயே அவருடைய மார்பளவுச் சிலை உடைந்தது. உடைத்தது யார் என்று கட்சிகள் ஒன்றையொன்று கைகாட்டின. புதுச் சிலை வைக்க இரண்டு தரப்பும் போட்டி போட்டன.

சிலையை உடைப்பதும் சுலபம், திரும்ப வைப்பதும் சுலபம். பாலத்தின் சங்கதி வேறு. கட்டி முடித்த பிறகும் காலமெல்லாம் செலவு வைத்துக்கொண்டே இருக்கும். வடம் தேயும், மாற்ற வேண்டும். தாங்கு உருளை தேயும், மாற்ற வேண்டும். அதற்குத்தான் டோல் வசூல். வித்யாசாகர் திறந்த வழிக்கும் பராமரிப்புச் செலவு இருந்தது. சட்டம் எழுதியதோடு கம்பெனி அரசு ஒதுங்கிக்கொண்டது. கையெழுத்துப் போட்ட 987 பேரில் பெரும்பாலோர் ஒதுங்கிக்கொண்டார்கள். கடந்து போன அறுபது பெண்களுக்கும் சுங்கம் கட்டியவர் அரிச்சுவடி விற்ற அந்த ஒரு மனிதர்தான். பின்னாளில் இதே சட்டத்தைக் கையில் எடுத்த வீரேசலிங்கமும் சுப்பிரமணிய ஐயரும் ஆளுக்கொரு விதத்தில் அந்தச் சுங்கத்தைக் கட்டியவர்களே. பெயர்ப்பலகை எழுத எவ்வளவோ பெரிய மனிதர்கள் இருந்தும், டோல்கேட் வைத்த ஒரு பாலத்துக்கு இவர் பெயர் அமைந்ததைப் பொருத்தம் என்று சொன்னது அதனால்தான்.

ஹூக்ளியில் இன்னும் ஒரு பாலம் பாக்கி இருக்கிறது. வடக்கே தட்சிணேசுவரத்துக்கருகே 2007-இல் திறந்தது. அயர்லாந்தில் பிறந்து, கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்தி, நம் பாரதியைத் தம் பேச்சால் உலுக்கியவர் அதற்குப் பெயர் கொடுத்தவர். பாரதி தம் நூல்களைக் காணிக்கையாக்கிய அந்த நிவேதிதையின் பாலத்தை அடுத்த வாரம் கடப்போம்.